மருத்துவக் கருவித் தொழில்



தொழில் வளர்ச்சி என்று சொன்னவுடன் நம் மனக்கண்முன் வந்து நிற்பவை உருக்காலைகள், நூற்பாலைகள், சிமெண்டுத் தொழிற்சாலைகள் முதலியனவே. புகைபோக்கியும் சங்கொலியும் உடையதே தொழிற்சாலை என்னும் எண்ணம் நம்முள் ஊறிவிட்டது. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட தொழில் அத்தகையதன்று. அதன் சரக்கு ஒரு மிளகின் அளவினதாக இருக்கலாம். ஒரு சட்டைப் பொத்தானின் அளவினதாக இருக்கலாம். ஆயினும் அச்சிறு பொருளில் ஒரு மனிதரின் பார்வையோ, மூச்சோ, இருதயத் துடிப்போ அடங்கியிருக்கும். மருத்துவக் கருவிகளைச் செய்யும் தொழிலையே குறிப்பிடுகிறேன்.

மருந்து வேறு, மருத்துவக் கருவி வேறு. மருந்து உடலிற் கலந்து வேலை செய்கிறது. கருவி பெரும்பாலும் அவ்வாறு கலவாது, தன் வடிவத்தாலும் இயக்கத்தாலும் வேலை செய்கிறது. காய்ச்சலை அளக்கும் வெப்பமானி, டாக்டரின் கழுத்தில் தொங்கும் ஸ்டெதாஸ்கோப், ஊசிமருந்தைச் செலுத்தும் குழல், முறிந்த எலும்பைப் பிணைக்கும் தகடு, எக்ஸ்ரே யந்திரம், செயற்கைக் கால் ஆகிய யாவும் மருத்துவக் கருவிகளே. ஓர் ஊசிமுனை தொடங்கி ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும் யந்திரம் வரையில் இத்தொழிலின் எல்லை விரிந்து கிடக்கிறது.

இத்தொழிலை மற்றத் தொழில்களினின்று பிரித்துக் காட்டும் தன்மை ஒன்று உண்டு. கடைத்தெருவில் வேட்டி வாங்குகிறவர் அதனை விரித்துப் பார்க்கிறார். நூலை விரலால் நெருடிப் பார்க்கிறார். மண்பானை வாங்கும் தாய்மார் அதனைத் தட்டி ஓசை கேட்கின்றனர். மருத்துவக் கருவியைத் தம் உடலில் ஏற்கும் நோயாளியோ அறுவை மேசையில் மயக்கத்தில் கிடக்கிறார். அவர் அதைத் தட்டிப் பார்க்கவும் இயலாது. பிடிக்கவில்லையென்று மறுநாள் திருப்பிக் கொடுக்கவும் இயலாது. ஆகவே வாங்குகிறவர் செய்யவேண்டிய சோதனை முழுவதையும் செய்கிறவரே செய்து முடிக்கவேண்டியதாகிறது. இவ்வொரு கருத்தை நினைவில் வைத்துக்கொண்டால், இத்தொழிலில் நிகழ்ந்துவரும் மாறுதல்கள் அனைத்தும் தெளிவாக விளங்கும்.

முதல் மாறுதல், கருவி உடலுக்கு வெளியிலிருந்து உள்ளே குடிபுகுந்தமையாகும். இருதயத் துடிப்பு தளர்ந்தவர்க்கு மின் தூண்டுதல் தந்து துடிப்பை ஒழுங்குபடுத்தும் கருவியைப் பேஸ்மேக்கர் என்பர். தொடக்கத்தில் அது சுவரிலுள்ள மின்சாரத்தோடு கம்பியால் பிணைக்கப்பட்ட பெட்டியாக இருந்தது. மின்சாரம் நின்றால் நோயாளியின் கதி என்ன ஆகும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். 1958-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள், ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் ஆகெ ஸென்னிங் என்னும் அறுவை மருத்துவர், ரூனெ எல்ம்க்விஸ்ட் என்னும் பொறியியலறிஞர் செய்துகொடுத்த சிறு பேஸ்மேக்கரை ஆர்னெ லார்ஸன் என்னும் நோயாளியின் உடலுக்குள்ளேயே பொருத்தினார். அக்கருவியின் பாகங்களைப் பிசினில் பொதிந்து வார்ப்பதற்கு அச்சாகப் பயன்பட்டது, காலணிக்கு மெருகிடும் மசி வரும் தகரக் குப்பி! அம்முதற் கருவி சில மணி நேரமே உழைத்தது. ஆயினும் அம்முயற்சி அத்துடன் நின்றுவிடவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக 26 பேஸ்மேக்கர்களைப் பெற்று, லார்ஸன் தமது 86-ஆம் வயதுவரை, 2001-ஆம் ஆண்டுவரை, வாழ்ந்தார். கருவியைச் செய்த பொறியியலறிஞரும் பொருத்திய மருத்துவரும் அவருக்கு முன்னரே காலமாயினர். இன்று, இரண்டு கிராம் எடையுள்ள பேஸ்மேக்கரைத் தொடையிலுள்ள இரத்தக் குழாய் வழியே செலுத்தி இருதயத்திற்குள்ளேயே நிறுத்துகிறார்கள்.

கருவி சிறுத்தால் காயமும் சிறுக்கும். காயம் சிறுத்தால் நோயாளி விரைவில் எழுந்து நடமாடலாம். இதனாலேயே சிறுமையை நோக்கிய இப்போக்கு மருத்துவக் கருவித் தொழில் முழுவதிலும் பரவியிருக்கிறது. 2002-ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டு ரூவான் நகரில் அலென் கிரிபியே என்னும் டாக்டர், மார்பைப் பிளக்காமலேயே, நுண்குழாய் வழியாக ஒரு செயற்கை இருதய வால்வை முதன்முதலில் மனிதருக்குப் பொருத்தினார். அதற்கென வால்வைச் சுருக்கி மடித்து அனுப்பவும், சென்ற இடத்தில் விரித்து நிறுத்தவும் தொழிற்சாலை கற்றுக்கொள்ளவேண்டியிருந்தது.

இரண்டாவது மாறுதல் மூலப்பொருளைப் பற்றியது. உடல் தனக்கு அயலான பொருளை எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. அழற்சி கொண்டு அதனை வெளியே தள்ள முயலும். எனவே உடல் பொறுத்துக்கொள்ளும் பொருள்கள் எவை என்னும் ஆராய்ச்சியின்மீதே இத்தொழில் நிற்கிறது. இதற்குக் கண் வில்லையின் வரலாறு நல்லதோர் எடுத்துக்காட்டு.

நம் கண்ணின் உள்ளே இயற்கை வில்லை ஒன்று உள்ளது. முதுமையில் அது மங்கிப் பால்போல் வெளுப்பதையே கண்புரை என்கிறோம். பழங்காலந்தொட்டு மருத்துவர்கள் மங்கிய வில்லையை அகற்றக் கற்றிருந்தனர். ஆனால் அவ்விடத்தில் வைப்பதற்கு ஒன்றும் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்து நாட்டு விமானிகள் சிலரின் கண்ணுக்குள், குண்டடிபட்டு நொறுங்கிய விமான மூடியின் சில்லுகள் பாய்ந்து தங்கிவிட்டன. அம்மூடி பெர்ஸ்பெக்ஸ் என்னும் ஒளி புகும் பிளாஸ்டிக்கினால் ஆனது. அச்சில்லுகள் கண்ணில் அழற்சி எதையும் உண்டாக்காமல் கிடந்ததை ஹாரல்ட் ரிட்லி என்னும் கண் மருத்துவர் கவனித்திருந்தார். பின்னர் ஒரு நாள் கண்புரை அறுவையைப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவ மாணவர் ஒருவர், எடுத்த வில்லைக்குப் பதில் வேறொன்றை ஏன் வைக்கவில்லை என்று அவரைக் கேட்டாராம். மாணவர்கள் கேட்கும் கேள்விகளை அலட்சியம் செய்யலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. 1949-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் லண்டனிலுள்ள செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ரிட்லி முதற் செயற்கை வில்லையைப் பொருத்தினார். சக மருத்துவர்கள் பலர் பல ஆண்டுகள் அவரைக் கண்டித்தனர். உலகம் அவர் வழிக்கு வர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின.

அவ்வில்லை இல்லாத காலம் எப்படியிருந்தது என்பதை நான் என் வீட்டிலேயே கண்டிருக்கிறேன். 1984-ஆம் ஆண்டில், நான் ஆசிரியப் பயிற்சி முடித்து வேலையில் அமர்ந்த புதிதில், என் அன்னையாருக்குக் கண்புரை அறுவை நடந்தது. வில்லையை எடுத்துவிட்டுச் சோடாப் புட்டியின் அடிப்பகுதி போன்ற தடித்த மூக்குக்கண்ணாடியைக் கொடுத்தார்கள். அத்தகைய கண்ணாடி வழியே பார்க்கும் பொருள் ஏறக்குறையக் கால் பங்கு பெரிதாகத் தோன்றும், ஓரங்கள் வளையும், தூரம் பிழைபடும். அன்னையார் குவளையில் ஊற்றும் காபி வெளியே சிந்தும். படி இறங்க என் தோளைப் பற்றிக்கொள்வார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டாலோ, பார்வை மறுபடியும் மங்கிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் எனக்கும் கண்புரை வந்தது. செயற்கை வில்லை வைத்த மறுநாளே சுவரிலிருந்த நாட்காட்டியின் சிறிய எழுத்துகளைப் படித்தேன். தாய்க்கும் மகனுக்கும் இடையே இவ்வளவு வேற்றுமையை உண்டாக்கியது, ஆறு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு பிளாஸ்டிக் வில்லை.

அவ்வேற்றுமை ஏழை எளியவர்க்கும் எட்டியதில் நம் மதுரை மாநகருக்குப் பங்குண்டு. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசாங்கப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976-ஆம் ஆண்டில் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் ஆயிரக்கணக்கானோருக்குக் கண் அறுவை செய்தவர் அவர். வெளிநாட்டு வில்லை ஒன்று நூறு டாலரையொட்டி விற்ற காலத்தில், இலவச அறுவைக்கு வரும் கிராமத்து மக்களுக்கு அதனை வைப்பது இயலாத செயலாக இருந்தது. நன்கொடையாக வந்த வில்லைகளோ போதவில்லை. வில்லையை நாமே செய்துவிட்டால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. அமெரிக்க நாட்டுச் சேவா அறக்கட்டளையும் டேவிட் கிரீன் என்பவரும் துணை நிற்க, 1992-ஆம் ஆண்டில் மதுரையில் ஆரோலேப் என்னும் தொழிற்கூடம் பிறந்தது. வில்லையின் விலை பத்து டாலருக்கும் கீழே இறங்கியது. இன்று அங்குச் செய்யப்படும் வில்லைகள் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் செல்கின்றன.

விலை குறைந்தமைக்குக் காரணம் யாது? மட்டமான பொருளைப் போட்டதாலன்று. தொழிற்கூடத்தின் செலவில் பெரும்பகுதி நுண்ணிய கடைசல் யந்திரங்களுக்கும், தூசு புகாத அறைகளுக்கும், சோதனைக் கருவிகளுக்கும் ஆவது. ஆயிரம் வில்லை செய்தாலும் அச்செலவு உண்டு. பத்து லட்சம் செய்தாலும் அச்செலவே. உற்பத்தி பெருகப் பெருக, ஒவ்வொரு வில்லையின் தலையிலும் விழும் பங்கு சுருங்கும். இது நீங்கள் கணக்குப் பாடத்திற் படிக்கும் எளிய வகுத்தலே. பெரிய மருத்துவமனை ஒன்றின் தேவை பக்கத்திலேயே இருந்தமையால் உற்பத்தி பெருகிற்று. இலாபத்தை அளவோடு வைத்தமையால் விலை இறங்கிற்று.

மூன்றாவதாக, கருவியைச் செய்வதைவிட அதனைச் சோதிப்பதே பெருவேலையாகிவிட்ட போக்கைக் கூறவேண்டும். இதற்குத் திருவனந்தபுரத்தில் உருவான இருதய வால்வு சான்றாகும்.

நம் இருதயத்தில் இரத்தம் ஒரே திசையில் செல்வதற்கு உதவும் கதவுகள் போன்றவை வால்வுகள். மூட்டுவாதக் காய்ச்சல் என்னும் நோய் இளமையிலேயே இவற்றைக் கெடுத்துவிடும். கெட்டதை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு வைக்கவேண்டும். அது வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தபோது, அந்நோயால் மிகுதியும் வருந்திய ஏழைக் குடும்பத்து இளைஞர்க்கு எட்டாக்கனியாக இருந்தது. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிலையத்தில் டாக்டர் எம். எஸ். வலியத்தான் என்னும் அறுவை மருத்துவரின் தலைமையில் இந்திய வால்வு ஒன்றைச் செய்யும் முயற்சி தொடங்கியது. மருத்துவரும், உலோகவியலறிஞரும், பொறியியலறிஞரும், வேதியியலறிஞரும் ஒரே கூரையின்கீழ் உழைத்தனர்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். இருதயம் நிமிடத்திற்கு 70 முறை துடிக்கிறது எனக் கொள்வோம். ஒரு மணிக்கு 4,200. ஒரு நாளைக்கு 1,00,800. ஓர் ஆண்டிற்கு ஏறக்குறைய 3 கோடியே 68 லட்சம். அத்தனை முறையும் வால்வு திறந்து மூடவேண்டும். ஆண்டுக்கு ஒரு நாள்கூட விடுமுறை கிடையாது. எனவே உலோக வகைச் செயற்கை வால்வைச் சோதனைக் கூடத்தில் 40 கோடி முறை திறந்து மூடிப் பார்க்கவேண்டும் என்று உலகப் பொதுத்தர அளவு விதிக்கிறது. இருதயத்தைவிடப் பல மடங்கு வேகமாக இயங்கும் யந்திரத்தில் பொருத்தி, மாதக்கணக்கில் இரவும் பகலும் ஓட்டித்தான் இச்சோதனையை முடிக்கவேண்டும்.

திருவனந்தபுரத்து அறிஞர்கள் செய்த முதல் மூன்று வடிவங்கள் தேறவில்லை. ஒன்றில், கடினத்திற்குப் பேர்போன செயற்கை நீலக்கல்லால் ஆன வட்டு வைத்தார்கள். செம்மறியாட்டின் இருதயத்தில் பொருத்திய அவ்வட்டு உடைந்துபோயிற்று. கடினமானது நீடித்து உழைக்கும் என்று எண்ணுவோம். கடினமானது நொறுங்கவும் கூடும் என்பதை அது காட்டிற்று. நான்காம் வடிவத்தில் கோபால்டு, குரோமியம் கலந்த உலோகச் சட்டத்தையும், மிகுந்த மூலக்கூறு எடையுடைய பாலிஎதிலின் என்னும் பிளாஸ்டிக் வட்டையும் வைத்தனர். சட்டத்தில் பற்றவைப்பு எதுவும் இல்லாமல், ஒரே கட்டியிலிருந்து கடைந்தெடுத்தனர்.

பற்றவைப்பைத் தவிர்த்தமைக்குத் தக்க காரணம் உண்டு. 1979-ஆம் ஆண்டு முதல் 1986 வரை மேல்நாட்டு வால்வு வகை ஒன்று உலகெங்கும் ஏறக்குறைய 86,000 பேருக்குப் பொருத்தப்பட்டது. அதன் வட்டைத் தாங்கிய சிறு கம்பி, பற்றவைத்த இடத்தில் முறிந்து, நூற்றுக்கணக்கானோருக்குக் கேடு விளைந்தது. அது சந்தையினின்று நீக்கப்பட்டது. ஆயினும் முன்னரே பொருத்திக்கொண்டவர்கள் தம் மார்பிலுள்ள வால்வு எந்நேரம் முறியுமோ என்னும் அச்சத்தோடு வாழ்ந்தனர். இத்தொழிலில் ஒரு மில்லிமீட்டர்க் கம்பியின் குறை எத்தகைய விலை பெறும் என்பதை இது நமக்கு உணர்த்துகிறது.

1990-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் அவ்விந்திய வால்வு முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பின்னர் டி. டி. கே. நிறுவனம் அதனைத் தொழில் முறையில் உற்பத்தி செய்தது. இதுகாறும் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் அதனைப் பெற்றுள்ளனர். வலியத்தான் அவர்கள் 2024-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் காலமானார். அவர் செய்த பணி அத்தனை பேருடைய மார்பிலும் ஒலித்தது என்று கூறினால் அது மிகையாகாது.

நான்காவது போக்கு, ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிடும் கருவிகளின் பெருக்கம். நான் பள்ளியிற் படித்த நாள்களில் மருந்தகத்தில் கண்ணாடிச் சிரிஞ்சையும் ஊசியையும் தட்டில் இட்டுக் கொதிக்கவைத்து, ஆறியபின் ஒருவர்பின் ஒருவராகப் போடுவார்கள். கொதி சற்றுக் குறைந்தாலும் ஒருவர் நோய் மற்றவர்க்குத் தாவும். மஞ்சட்காமாலைக் கிருமியும், பின்னர் எய்ட்ஸ் கிருமியும் இவ்வாறு பரவுவது தெளிவானவுடன் பிளாஸ்டிக் சிரிஞ்சு அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. அதையும் சிலர் கழுவி மறுபடி பயன்படுத்தியதால், ஒருமுறை அழுத்தியவுடன் தானே பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சைச் செய்தனர். தடுப்பூசிப் பணியில் இவ்வகையே வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெப் முதலிய அமைப்புகளும் 1999-ஆம் ஆண்டில் கூட்டாக வற்புறுத்தின. மனிதனின் கவனக் குறைவுக்குக் கருவியின் அமைப்பிலேயே அணை கட்டிய அருமையான வேலை இது. ஆனால் இதற்கும் மறுபக்கம் உண்டு. எறியும் கருவிகள் மலைபோல் குவிகின்றன. அவற்றை மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என நிறம் பிரித்த கலன்களில் சேர்த்து முறையாக அழிக்க 2016-ஆம் ஆண்டின் விதிகள் கட்டளையிடுகின்றன. செய்வதோடு கடமை தீர்ந்தது என்று இத்தொழில் இனி இருக்க இயலாது. பயன் முடிந்தபின் அப்பொருள் எங்கே போகும் என்பதையும் எண்ணவேண்டும்.

ஐந்தாவது போக்கு, கருவிக்குள் மென்பொருள் புகுந்தமை. இன்றைய பேஸ்மேக்கரிலும், மூச்சு யந்திரத்திலும், இன்சுலின் செலுத்தும் கருவியிலும் சிறு கணிப்பொறி உண்டு. அது வெளியுலகோடு கம்பியில்லாமலே பேசுகிறது. டாக்டர் தொலைவிலிருந்தே நோயாளியின் நிலையை அறியலாம் என்பது இதன் நன்மை. தீயோர் புகவும் வழியுண்டு என்பது இதன் தீமை. 2017-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில், அயலார் உட்புகக்கூடிய குறை ஒன்று காணப்பட்டமையால், ஏறக்குறைய 4,65,000 பேஸ்மேக்கர்களின் மென்பொருளைத் திருத்த அறிவிப்பு வந்தது. கருவி விற்று முடிந்தபின்னும் அதைச் செய்தவரின் பொறுப்பு முடிவதில்லை என்பதற்கு இது மற்றோர் அடையாளம்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். நெடுங்காலம் நம் நாட்டில் சில கருவிகள் மட்டுமே மருந்துச் சட்டத்தின் கண்காணிப்பிற்குள் இருந்தன. 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகள் 2018 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் சட்டத்திற்கு உட்பட்டன. விளையக்கூடிய அபாயத்தின் அளவைக்கொண்டு கருவிகளை ஏ, பி, சி, டி என நான்கு வகையாகப் பிரித்துள்ளனர். வகை உயர உயரச் சோதனையும் கடுமையாகும். விலையிலும் அரசாங்கம் தலையிட்டது. இருதய இரத்தக் குழாயின் அடைப்பை விரித்து நிறுத்தும் ஸ்டென்ட் என்னும் வலைக்குழாய், மருந்து பூசிய வகை, சராசரியாக ஒன்றேகால் லட்ச ரூபாய் அளவில் விற்றது. 2017 பிப்ரவரியில் அதற்கு 29,600 ரூபாய் உச்சவிலை வைக்கப்பட்டது. தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட பொருள் நோயாளியை அடைவதற்குள் இடையில் நின்றோர் எவ்வளவு ஏற்றினர் என்பதை அப்போது நாடு கண்டது.

நம் நாட்டின் நிலை என்ன? நாம் பயன்படுத்தும் மருத்துவக் கருவிகளில், மதிப்பைக்கொண்டு பார்த்தால், நூற்றுக்கு எழுபது முதல் எண்பது பங்கு பிற நாடுகளிலிருந்து வருவதாக அண்மை ஆண்டுகளில் கணக்கிட்டுள்ளனர். சிரிஞ்சு, கையுறை, கண் வில்லை, ஸ்டென்ட் ஆகியவற்றில் நாம் வல்லவர்கள். உடலின் உள்ளே படம்பிடிக்கும் பெரிய யந்திரங்களிலும், நுண்ணிய மின்னணுப் பாகங்களிலும் பிறர் கையை எதிர்பார்த்திருக்கிறோம். 2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது, ஒவ்வொரு நாடும் தன் கதவை அடைத்துக்கொண்டது. காசு கொடுத்தாலும் சரக்கு கிடைக்கவில்லை. மருத்துவர் அணியும் பாதுகாப்பு அங்கியை நம் தையற்கூடங்கள் சில வாரங்களிலேயே பெருவாரியாகத் தைத்துத் தந்தன. ஆனால் எல்லாக் கருவிகளையும் அவ்வாறு சில வாரங்களில் செய்துவிட இயலாது. அங்கிக்கு வேண்டிய திறமை நம்மிடம் முன்பே இருந்தது. இல்லாத திறமை ஆபத்து வந்த அன்று திடீரென்று முளைக்காது.

இதனை உணர்ந்து, 2020-ஆம் ஆண்டில் உள்நாட்டு உற்பத்திக்கு ஊக்கத்தொகையாக 3,420 கோடி ரூபாய் திட்டமும், மருத்துவக் கருவிப் பூங்காக்கள் அமைக்கும் திட்டமும் வகுக்கப்பட்டன. தமிழ்நாட்டில் சென்னைக்கு அருகிலுள்ள ஒரகடம் அதற்குத் தேர்ந்த இடங்களுள் ஒன்று. விலையுயர்ந்த சோதனைக் கூடங்களைச் சிறு தொழிலதிபர் ஒவ்வொருவரும் தனித்தனியே அமைக்க இயலாது. ஊர்ப்பொதுக் கிணறு போல யாவரும் பயன்படுத்தும் கூடங்களை ஓரிடத்தில் வைப்பதே பூங்காவின் நோக்கம். 2023-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவக் கருவிக் கொள்கை, இருபத்தைந்து ஆண்டுகளில் உலகச் சந்தையில் நூற்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு பங்கை அடைய வேண்டுமெனக் குறி வைத்துள்ளது. கொள்கை வெளியானபோது நம் பங்கு ஏறக்குறைய ஒன்றரை என மதிப்பிடப்பட்டது. ஆகவே நடக்கவேண்டிய தூரம் மிகுதி.

அத்தூரத்தை நடக்கவேண்டியவர்கள் நீங்கள்தாம். டாக்டரும் பொறியியல் பட்டதாரியும் மட்டுமே இத்தொழிலுக்குப் போதும் என்று எண்ணாதீர்கள். தொழிற்பயிற்சி நிலையத்தில் கடைசல் கற்றவருக்கு இங்கே வேலை உண்டு. பிளாஸ்டிக்கின் இயல்பறிந்தவர் வேண்டும். சென்னை கிண்டியில் 1968 முதல் அதற்கெனவே நிலையம் ஒன்று இயங்கி வருகிறது. புள்ளியியல் கற்றவர் வேண்டும். ஆயிரத்தில் எத்தனையைச் சோதித்தால் ஆயிரத்தையும் நம்பலாம் என்பதைச் சொல்ல அவரே வல்லவர். கிருமியியல் கற்றவர் வேண்டும். தூய அறையில் பொறுமையாகக் கண்ணுற்று வேலை செய்யும் பெண்மக்கள் வேண்டும். மதுரைத் தொழிற்கூடத்தின் வெற்றியில் அத்தகைய இளம்பெண்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

இவை எல்லாவற்றினும் முதன்மையாக வேண்டுவது ஒன்று உண்டு. பல்லாண்டுகள் பள்ளியின் பௌதிகச் சோதனைக் கூடத்தில் நின்றவன் என்ற முறையில் அதனைக் கூறுகிறேன். தனி ஊசலைக்கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணும் சோதனையை நீங்கள் அறிவீர்கள். விடை 980-ஐ ஒட்டி வரவேண்டும் என்பது எல்லா மாணவருக்கும் தெரியும். ஊசலை ஒழுங்காக ஆட்டாமல், விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு அளவுகளை எழுதிவைக்கும் மாணவர்களை ஒவ்வோர் ஆண்டும் கண்டிருக்கிறேன். அவர்கள் நோட்டுப் புத்தகம் மிக அழகாக இருக்கும். அளவுகள் ஒன்றோடொன்று அப்படியே பொருந்தும். உண்மையில் ஊசலை ஆட்டிப் பார்த்தவனுடைய அளவுகளோ சற்று முன்பின்னாகவே இருக்கும். நான் பின்னவனுக்கே மிகுதியான மதிப்பெண் கொடுத்து வந்தேன்.

பள்ளியில் அப்பொய்யினால் கெட்டது ஒரு மதிப்பெண் மட்டுமே. மருத்துவக் கருவித் தொழிலில் அதே பழக்கம் உயிருக்கு உலை வைக்கும். பிரான்ஸ் நாட்டில் ஒரு நிறுவனம், உடலுக்குள் பொருத்தும் சிலிகோன் பைகளில் மருத்துவத் தரமுள்ள பொருளுக்குப் பதிலாகத் தொழிற்சாலைத் தரப் பொருளை நிரப்பி, சோதனையாளரிடம் மறைத்து விற்று வந்தது 2010-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. பல நாடுகளில் இலட்சக்கணக்கான பெண்கள் அஞ்சி நடுங்கினர். அதன் தலைவர் 2013-ஆம் ஆண்டில் சிறைத் தண்டனை பெற்றார். அந்நிறுவனத்தில் படித்தவர்கள் இல்லாமலில்லை. சோதனை ஏடுகளும் இல்லாமலில்லை. ஏட்டில் எழுதியதும் பையில் இருந்ததும் வேறாக இருந்தன; அவ்வளவே.

தோல்வியைத் தோல்வியென்றே எழுதிவைத்த காரணத்தாலேயே திருவனந்தபுரத்து வால்வின் நான்காம் வடிவம் வென்றது. நீலக்கல் வட்டு உடைந்ததை மறைத்திருந்தால், அடுத்து உடைவது ஆட்டின் இருதயத்திலன்று, மனிதரின் இருதயத்தில். சோதனைக் கூடத்தில் கண்டதைக் கண்டபடி எழுதும் வழக்கத்தை நீங்கள் பள்ளியிலேயே பழகிக்கொள்ளுங்கள். அளவு பொருந்தவில்லையென்றால் ஊசலின் கயிற்றைப் பாருங்கள், கடிகாரத்தைப் பாருங்கள், மறுபடி ஆட்டிப் பாருங்கள். எண்ணை மட்டும் திருத்தாதீர்கள். அறுவை மேசையில் மயங்கிக் கிடப்பவர் தம் கண்ணையும் இருதயத்தையும் உங்களை நம்பி ஒப்படைத்திருக்கிறார். அவருக்காக விழித்திருக்கவேண்டியவர் அக்கருவியைச் செய்கிறவரே.